மோர்ஸ் வானொலியில் மனிதக் குரல்

உரிமம் பெற்ற தனிமனிதர்கள் வணிக நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளும் அமெச்சூர் வானொலியில், அதாவது ஹாம் வானொலியில், மிகக் குறைந்த திறனைக் கொண்டே தொலைதூரத்தை எட்டுவதைத் தங்கள் நோக்கமாகக் கொண்டவர்கள் ஒரு தனிக் கூட்டமாக உலகெங்கும் இயங்கி வருகின்றனர். வழக்கமான ஹாம் நிலையம் நூறு வாட் திறனில் ஒலிபரப்பும்போது இவர்கள் மோர்ஸ் குறியீட்டுக்கு 5 வாட்டையும் குரலுக்கு உச்சமாக 10 வாட்டையும் எல்லையாக வைத்துக்கொள்கின்றனர். பலர் ஒன்றிரண்டு வாட்டுகளோடு நின்றுவிடுகின்றனர். கியூ.ஆர்.பி. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் இந்தத் துறையில், பிரிட்டனில் 1974இல் பாதிரியார் ஜார்ஜ் டாப்ஸ் தொடங்கிய ஜி-கியூ.ஆர்.பி. கிளப் போன்ற அமைப்புகள் வளர்த்தெடுத்த ஒரு மரபு உண்டு: கருவியை வாங்குவதோடு நில்லாமல் அதைத் திறந்து பார்ப்பது, அதன் சுற்றைப் புரிந்துகொள்வது, தேவைக்கேற்ப மாற்றுவது. மோர்ஸுக்காக மட்டுமே உருவான ஒரு பழைய கருவியைப் பேச வைக்கும் முயற்சி அந்த மரபின் மிகச் சுவையான பகுதிகளுள் ஒன்று. அதற்கு அமெரிக்காவின் ஹீத்கிட் எச்.டபிள்யூ-8 என்னும் டிரான்ஸீவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒலிபரப்பியும் ஏற்பியும் ஒரே பெட்டிக்குள் அமைந்த கருவியே டிரான்ஸீவர்.

மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பரில் இயங்கிய ஹீத் நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிக் கிடந்த மின்னணு உதிரிகளை மலிவாக வாங்கி, 1947இல் ஓர் அலைநோக்கியை (ஆசிலோஸ்கோப்பை) உதிரிப் பாகங்களாகவே விற்பனைக்கு அனுப்பியது. வாங்குபவர் படிப்படியான கையேட்டைப் பார்த்துத் தாமே சாலிடர் வைத்துக் கட்டிமுடிக்க வேண்டும். அந்த முறை பெருவெற்றி பெற, தொலைக்காட்சி முதல் கணினி வரை பலவற்றை ஹீத்கிட் என்ற பெயரில் மக்கள் தங்கள் வீட்டு மேசைகளில் கட்டினர். 1972இல் வந்த எச்.டபிள்யூ-7, அதன் குறைகளைக் களைந்து 1970களின் நடுவில் வந்த எச்.டபிள்யூ-8, 1984இல் வந்த எச்.டபிள்யூ-9 ஆகிய மூன்றும் அந்த நிறுவனத்தின் குறைதிறன் வரிசை. 1992இல் ஹீத் உதிரித்தொகுப்பு விற்பனையை நிறுத்திவிட்டபோதிலும், எச்.டபிள்யூ-8 இன்றும் பழம்பொருள் சந்தைகளில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் முகந்தெரியாத ஒருவரால் கையால் கட்டப்பட்டது என்பதால், சாலிடரின் தரத்திலிருந்து சுருள்களின் ஒழுங்குபடுத்தல் வரை ஒவ்வொன்றும் சற்றே வேறுபடும். மாற்றியமைக்க முனைபவர் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். பழைய குறைகளைச் சரிசெய்யாத கருவியில் புதிய சுற்றைச் சேர்த்தால் எது எதனால் பழுதானது என்று பின்னர் பிரித்தறிய இயலாது.

எச்.டபிள்யூ-8இன் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள அதன் ஏற்பியிலிருந்து தொடங்குவது நல்லது. பொதுவான வானொலி ஏற்பிகள், வரும் அலையை முதலில் ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி, அங்கே வடிகட்டிப் பெருக்கி, அதன் பின்னரே ஒலியாக்குகின்றன. எச்.டபிள்யூ-8இல் இடைநிலை ஏதும் இல்லை. வானலையில் வரும் 7.030 மெகாஹெர்ட்ஸ் சைகையோடு கருவிக்குள்ளேயே பிறக்கும் ஏறத்தாழ அதே அதிர்வெண் கொண்ட அலையைக் கலந்தால், இரண்டின் வேறுபாடு நேரடியாகக் காதுக்குக் கேட்கும் ஒலியாகிவிடுகிறது. நேரடி மாற்ற முறை எனப்படும் இந்த எளிய உத்தியை வெஸ் ஹேவர்டும் டிக் பிங்காமும் 1968 நவம்பரில் கியூ.எஸ்.டி. என்னும் ஹாம் இதழில் எழுதிய கட்டுரை அமெச்சூர்களிடையே மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. எச்.டபிள்யூ-8இல் இந்தக் கலப்பைச் செய்வது எம்.சி.1496 என்ற ஒருங்கிணைந்த சுற்று.

அந்த உள்அலை பிறக்கும் விதத்தில் ஹீத் பொறியாளர்களின் நேர்த்தி தெரிகிறது. சுழற்றும் குமிழோடு இணைந்த அலையியற்றி எந்த அலைவரிசையிலும் 8.645 முதல் 8.895 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே இயங்கும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகம் தனியே நிலையான அலையைத் தர, அதிலிருந்து முன்னதைக் கழித்தால் தேவையான அதிர்வெண் கிடைக்கிறது. 15.895 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து 8.895ஐக் கழித்தால் 7.000, 8.645ஐக் கழித்தால் 7.250. இப்படியே 3.5, 7, 14, 21 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் நான்கு அலைவரிசைகளிலும் 250 கிலோஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கிறது. அலையியற்றி ஒலிபரப்பும் அதிர்வெண்ணில் நேரடியாக இயங்காததால், இறுதிப் பெருக்கியிலிருந்து கசியும் திறன் அதன் அதிர்வெண்ணை இழுத்துத் திரிப்பதில்லை. திறன் ஒரே அளவில் நிற்கும் மோர்ஸில் இந்த நன்மை சிறிதாகத் தோன்றலாம். குரலின் ஏற்ற இறக்கத்தோடு திறனும் கணத்துக்குக் கணம் மாறும் வேளையில் இதுவே கருவியைக் காப்பாற்றுகிறது. உள்ளேயே ஒலிபரப்பு அதிர்வெண்ணில் அலையியற்றி ஓடும் எளிய கருவிகளில் குரல் நடுங்குவதும் புரள்வதும் பெரும்பாலும் இந்தக் காப்பு இல்லாததால் நேர்வதே.

இவ்வளவு நல்ல அடித்தளம் இருந்தும் கருவி பேசாததற்குக் காரணம், அதன் ஒலிபரப்புப் பகுதி முழுவதும் மோர்ஸை எண்ணியே வடிவமைக்கப்பட்டதுதான். மோர்ஸ் அனுப்பும்போது அலை ஒன்று இருக்கிறது அல்லது இல்லை. இடைப்பட்ட நிலை தேவையில்லை. ஆகவே அதன் பெருக்கிகள் சி-வகுப்பில் இயங்குகின்றன. சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றின் அடிவாய்க்கு (பேஸ்) ஏறத்தாழ 0.6 வோல்ட் கிடைத்த பிறகே அது மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும். சி-வகுப்பில் அந்த அளவை முன்கூட்டியே ஊட்டாமல், வரும் அலையின் முகடுகளே அதைத் தட்டி எழுப்பும்படி விட்டுவிடுவர். மின்கலச் சிக்கனத்துக்கு இது சிறந்த வழி. ஆனால் குரலின் மெல்லிய அசைவுகள் அந்த 0.6 வோல்ட்டைத் தாண்டாமல் அப்படியே விழுங்கப்பட, உரத்த ஒலிகள் மட்டும் வெட்டுப்பட்ட வடிவில் வெளியேறும். கேட்பவருக்குப் பேச்சு புரியாது என்பதோடு தீங்கு முடிவதில்லை. அந்தச் சிதைவால் அலை அக்கம்பக்கத்து அதிர்வெண்களிலும் தெறித்து, பிறருடைய உரையாடலைக் கெடுக்கும்.

அலையின் வீச்சை மாற்றிக் குரலை ஏற்றும் முக்கிய வழிகள் மூன்று. வீச்சுப் பண்பேற்றம் எனப்படும் ஏ.எம். முறையில், ஊர்தி அலை (ஹாம்கள் கேரியர் என்றே சொல்வர்) தொடர்ந்து வெளியேற, அதன் இருபுறமும் குரலின் செய்தியைத் தாங்கிய இரு பக்கப்பட்டைகள் தோன்றும். ஊர்தி அலையில் செய்தி எதுவும் இல்லை, இரு பக்கப்பட்டைகளிலும் ஒரே செய்திதான் உள்ளது. ஊர்தி அலையை நீக்கி இரு பக்கப்பட்டைகளையும் மட்டும் அனுப்புவது டி.எஸ்.பி., அதாவது இரட்டைப் பக்கப்பட்டை முறை. ஒரு பக்கப்பட்டையையும் சேர்த்து நீக்கிவிடுவது எஸ்.எஸ்.பி., அதாவது ஒற்றைப் பக்கப்பட்டை முறை. உலகின் பெரும்பாலான ஹாம்கள் சிற்றலையில் குரலுக்கு இதையே பயன்படுத்துகின்றனர்.

இரண்டு வாட் உச்சத் திறனை மட்டுமே தரக்கூடிய ஒரு பெருக்கியில் இம்மூன்றும் என்ன ஆகின்றன என்று கணக்கிட்டால் வேறுபாடு துல்லியமாகத் தெரியும். ஒரே சீரான ஒலியை அனுப்புவதாகக் கொண்டால், எஸ்.எஸ்.பி.யில் இரண்டு வாட்டும் பயன்படும் ஒரே பக்கப்பட்டைக்குச் செல்கிறது. டி.எஸ்.பி.யில் ஒவ்வொரு பக்கப்பட்டைக்கும் அரை வாட். ஏ.எம்.மிலோ ஊர்தி அலை அரை வாட்டை எடுத்துக்கொள்ள, ஒவ்வொரு பக்கப்பட்டைக்கும் எஞ்சுவது 0.125 வாட். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நான்கில் ஒரு பங்காகக் குறையும் இந்த வேறுபாடு 6 டெசிபெல். ஏற்பிகளின் சைகைமானியில் ஒரு பிரிவு என்று ஹாம்கள் கொள்வதும் இதே 6 டெசிபெல்தான். ஆகையால் அதே பெருக்கியைக் கொண்டு டி.எஸ்.பி. பேசுபவர் எஸ்.எஸ்.பி. பேசுபவரைவிட ஒரு பிரிவும், ஏ.எம். பேசுபவர் இரண்டு பிரிவும் தாழ்ந்து கேட்பார்.

சி-வகுப்புப் பெருக்கியை மாற்றாமலே அதன் மின்வழங்கலைக் குரலுக்கேற்ப ஏற்றி இறக்கினால் ஏ.எம். கிடைத்துவிடும் என்பதால் சிலர் அந்த வழியை நாடுகின்றனர். மூன்று வாட் உள்ளீடு கொண்ட பெருக்கிக்கு முழுப் பண்பேற்றம் தர ஒன்றரை வாட் ஒலித்திறன் போதும். ஆயினும் 13 வோல்ட் வழங்கல் குரலின் முகட்டில் 26ஆக உயர, டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனையில் ரேடியோ அலையின் உச்சம் 52 வோல்ட்டை நெருங்கும். நாற்பது ஐம்பது ஆண்டு பழைய டிரான்சிஸ்டருக்கு இந்தச் சோதனையை வைப்பது நல்லதன்று. இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் திறனில் பெரும்பகுதி செய்தியற்ற ஊர்தி அலைக்கே போய்விடுவதால், குறைதிறன் வானொலியில் ஏ.எம்.முக்கு இடமில்லை என்று சொல்லிவிடலாம். எஸ்.எஸ்.பி.க்கோ வழக்கமான முறையில் ஓர் இடைநிலை அதிர்வெண்ணும் கூர்மையான படிக வடிகட்டியும் வேண்டும்; நேரடி மாற்ற அமைப்பில் அதற்கான இடமே கிடையாது, அதைத் திணிப்பது கருவியை மறுபடி கட்டுவதற்குச் சமம். எனவே இந்தக் கருவியின் இயல்போடு ஒத்துப்போவது டி.எஸ்.பி. மட்டுமே.

டி.எஸ்.பி.யின் இதயம் சமன்செய் பண்பேற்றி என்னும் சிறிய சுற்று. ஊர்தி அலையை எதிரெதிர்க் கட்டங்களில் இரண்டாகப் பிரித்து, இரு பாதைகளின் வழியே செலுத்தி மீண்டும் சேர்த்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட வெளியே ஒன்றும் வராது. குரலின் மின்னழுத்தம் இந்தச் சமநிலையை ஒரு கணம் இப்பக்கமும் மறுகணம் அப்பக்கமும் சாய்க்கும்போதுதான் அலை வெளிப்படுகிறது. அப்படி வெளிப்படுவது பக்கப்பட்டைகள் மட்டுமே. ஒரு சிறு ஃபெரைட் வளையத்தில் மூன்று கம்பிகளைச் சேர்த்து முறுக்கிச் சுற்றிய மின்மாற்றி, ஒரே மாதிரியான இரண்டு டயோடுகள், சமநிலையைத் திருத்த ஒரு பிரீசெட் மின்தடை, ஒரு ட்ரிம்மர் மின்தேக்கி ஆகியவற்றைக் கொண்டே இதை அமைக்கலாம்; கருவிக்குள் ஏற்கெனவே ஏற்பியில் உள்ள எம்.சி.1496 வகைச் சுற்றைத் தனியே ஒன்று வாங்கியும் செய்யலாம். கவனமாகத் திருத்தினால் ஊர்தி அலை 40 டெசிபெல் அளவுக்கு அமுங்கும், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். இரண்டு வாட் கருவியில் எஞ்சுவது ஒரு மில்லிவாட்டில் ஐந்தில் ஒன்று.

இச்சுற்றை அலை பிறக்கும் பகுதிக்கும் ஒலிபரப்பியின் முதல் பெருக்கிக்கும் இடையில், இணைப்பை அங்கே திறந்து புகுத்த வேண்டும். ஒலிவாங்கியின் மில்லிவோல்ட் சைகையை உயர்த்த ஒரு சிறு பெருக்கி முன்னே நிற்கும். அது 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை மட்டும் கடத்தினால் போதும், பேச்சின் தெளிவு அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பண்பேற்றியின் வெளியீடு முன்பிருந்த நேரடி அலையைவிட வலுக்குறைந்து இருக்கும் என்பதால் பின்னால் மேலும் ஒரு பெருக்கிநிலை பெரும்பாலும் தேவைப்படும்.

அடுத்து வரும் வேலையே கடினமானது. பண்பேற்றிக்குப் பின்னுள்ள ஒவ்வொரு பெருக்கியும் நேர்கோட்டுத் தன்மை பெற வேண்டும், அதாவது உள்ளே வரும் அலையின் வடிவம் பெரிதாகி அதே வடிவில் வெளிவர வேண்டும். அதற்காகச் சி-வகுப்பு டிரான்சிஸ்டர்களின் அடிவாய்களைத் தரையிலிருந்து பிரித்து, ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் வரை நிலையாகத் தரும் ஒரு சுற்றின் வழியே இணைத்து, பேசாத வேளையிலும் சில பத்து மில்லிஆம்பியர் அவற்றில் ஓடும்படி செய்ய வேண்டும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. டிரான்சிஸ்டர் சூடேற ஏற அதே மின்னழுத்தத்தில் கூடுதல் மின்னோட்டம் ஓடும், கூடுதல் மின்னோட்டம் மேலும் சூட்டை வளர்க்கும். தடுக்காவிட்டால் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். அடிவாய் மின்னழுத்தத்தைத் தரும் டயோடை டிரான்சிஸ்டரின் உடலோடு ஒட்டவைத்தால், இரண்டும் சேர்ந்து சூடேறி, டயோடின் மின்னழுத்தம் தானாகவே தாழ்ந்து மின்னோட்டத்தை அடக்கும். நல்ல குளிர்தகடும் வேண்டும், ஏனெனில் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பெருக்கி இப்போது சி-வகுப்பைவிட அதிக வெப்பத்தை உமிழ்கிறது.

மோர்ஸுக்கென இருந்த சில வசதிகள் குரலுக்கு இடையூறாகின்றன. மோர்ஸ் சாவியை அழுத்தினால் அனுப்புபவரின் காதில் ஒலிக்கும் துணையொலியைக் குரல் நிலையில் துண்டிக்க வேண்டும், இல்லையெனில் பேசும் நேரம் முழுவதும் அது இரைந்துகொண்டிருக்கும். மோர்ஸில் மறுமுனையில் ஒலிபரப்புபவரின் அலை ஓர் இசைத்தொனியாகக் கேட்பதற்காக அனுப்பும் அதிர்வெண்ணும் கேட்கும் அதிர்வெண்ணும் சில நூறு ஹெர்ட்ஸ் விலகியிருக்கும். குரலில் இரண்டும் ஒன்றாகவே நிற்க வேண்டும், இல்லையெனில் மறுமுனையில் இருப்பவருக்குக் குரல் அடித்தொண்டையிலோ கீச்சலாகவோ கேட்கும். ஏறத்தாழ 750 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட ஒலி வடிகட்டியைக் கடந்து செல்ல ஒரு மாற்றுவழியும் தேவை. இவை மூன்றையும் ஒரே சுவிட்சில் அடக்கிவிட்டால் கருவி மோர்ஸுக்கும் குரலுக்கும் மாறிமாறிப் பயன்படும். ஒலிவாங்கியிலுள்ள பேசுவிசையைச் சாவியின் இணைப்போடு சேர்த்துவிட்டால், கருவியின் சொந்த ரிலேயே ஏற்பியிலிருந்து ஒலிபரப்புக்கு மாறும் வேலையைச் செய்துவிடும்.

இந்த மாற்றத்தில் ஆழ்ந்து நோக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. மாற்றியமைத்த எச்.டபிள்யூ-8இன் குரலை ஒரு சாதாரண எஸ்.எஸ்.பி. ஏற்பி தெளிவாகக் கேட்கும். அதன் கூர்மையான வடிகட்டி ஒரு பக்கப்பட்டையை வெட்டிவிடுவதால், இரண்டு வந்தன என்பதையே மறுமுனையில் இருப்பவர் அறியமாட்டார். ஆனால் இதேபோல் மாற்றியமைத்த இன்னொரு எச்.டபிள்யூ-8 அதைச் சரியாகக் கேட்காது. நேரடி மாற்ற ஏற்பி இரு பக்கப்பட்டைகளையும் ஒரே நேரத்தில் ஒலியாக்குகிறது. அதன் உள்அலை அனுப்பியவரின் நீக்கப்பட்ட ஊர்தி அலையோடு அதிர்வெண்ணிலும் கட்டத்திலும் அச்சுப்பிசகாமல் பொருந்தினால் இரண்டும் கூடி வலுப்பெறும், சிறிது பிசகினாலும் ஒன்றையொன்று அழித்தும் கூடியும் குரல் விட்டுவிட்டு அலையடிக்கும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஜான் கோஸ்டாஸ் 1956இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பக்கப்பட்டைகளிலிருந்தே அந்தக் கட்டத்தைக் கணித்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஏற்பியை விளக்கி, டி.எஸ்.பி. எஸ்.எஸ்.பி.க்குச் சளைத்ததன்று என வாதிட்டார். அந்தச் சுற்று இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. எனினும் அது எச்.டபிள்யூ-8இன் எளிமைக்கு அப்பாற்பட்டது. எனவே டி.எஸ்.பி. கருவி கட்டிய நண்பர்கள் இருவர் தங்களுக்குள் பேசிப் பார்த்து ஏமாற்றமடைந்தால் சுற்றில் பிழையைத் தேட வேண்டியதில்லை. இருவரில் ஒருவராவது எஸ்.எஸ்.பி. ஏற்பியில் கேட்டால் போதும்.

டி.எஸ்.பி. அலை எஸ்.எஸ்.பி.யைப் போல இருமடங்கு அகலம் கொண்டது என்பதும் நினைவில் நிற்க வேண்டும். 7.150 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு பேசினால் 7.147 முதல் 7.153 வரை இடம் பிடிக்கும். கேட்பவர் வழக்கப்படி கீழ்ப் பக்கப்பட்டையில் மட்டும் கேட்பதால், மேல்பக்கம் காலியாக உள்ளதா என்று அனுப்புபவர்தான் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஒன்றிரண்டு வாட்டில் இதனால் பிறருக்கு நேரும் இடையூறு சிறிது, ஆனாலும் அண்டை அலைக்குக் காட்டும் மரியாதை திறனைப் பொறுத்ததன்று.

எங்கே பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஜெனரல் வகுப்பு உரிமம் பெற்றவருக்குக் குரல் அனுமதி 7.175 மெகாஹெர்ட்ஸிலும் 14.225 மெகாஹெர்ட்ஸிலும் தொடங்குவதால், எச்.டபிள்யூ-8இன் குமிழில் அவருக்குக் கிடைப்பது 7 மெகாஹெர்ட்ஸில் 75 கிலோஹெர்ட்ஸும் 14 மெகாஹெர்ட்ஸில் 25 கிலோஹெர்ட்ஸும் மட்டுமே. மற்ற இரு அலைவரிசைகளில் குரல் பகுதி தொடங்குமுன்பே குமிழ் முடிந்துவிடுகிறது. இந்தியாவில் 7.000 முதல் 7.200 வரையுள்ள அமெச்சூர் அலைவரிசை முழுவதும் குமிழுக்குள் அடங்கிவிடுவதால் இங்கே இந்தக் கருவிக்கு வாய்ப்பு கூடுதல்.

புதிய சுற்றை முதன்முதலில் இயக்கும்போது ஆன்டெனாவை இணைக்கக் கூடாது. 50 ஓம் மின்தடையால் ஆன டம்மி லோடில் திறனைச் செலுத்தி, பக்கத்தில் வேறோர் ஏற்பியை வைத்துக் கேட்க வேண்டும். பேசாமல் விசையை மட்டும் அழுத்தி, ஊர்தி அலையின் மெல்லிய கீச்சொலி மறையும்வரை பிரீசெட்டையும் ட்ரிம்மரையும் மாறிமாறித் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றதன் இடம் சிறிது நகரும் என்பதால் பொறுமை தேவை. அலைநோக்கி இருந்தால், ஒரே தொனியைக் கொடுத்துப் பார்க்கும்போது மணிகளைக் கோத்தது போன்ற வடிவம் தெரியும். மணிகளின் முகடுகள் தட்டையானால் ஒலி மிகை. மணிகள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விழுந்தால் அடிவாய் மின்னழுத்தம் போதவில்லை. குரல் கரகரத்து ஊளையிட்டால், வெளியேறும் ரேடியோ அலையே ஒலிவாங்கிக் கம்பி வழியாகத் திரும்ப நுழைகிறது என்று பொருள். கவசமிட்ட கம்பியும் ஒலிவாங்கி நுழைவாயிலில் ஒரு சிறு மின்தேக்கியும் அதைத் தீர்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்திருப்பது நல்லது. மோர்ஸின் ஒற்றைத் தொனியை 250 ஹெர்ட்ஸ் அகல வடிகட்டி வழியே கேட்கலாம், குரலுக்கோ 2500 ஹெர்ட்ஸ் வேண்டும். பத்து மடங்கு அகலமான அந்தச் சாளரத்தின் வழியே பத்து மடங்கு இரைச்சலும் நுழைகிறது. மோர்ஸில் கண்டங்களைக் கடந்த அதே ஒன்றிரண்டு வாட், குரலில் பெரும்பாலான நாட்களில் சில நூறு கிலோமீட்டரோடு நின்றுவிடும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் அண்டை மாநிலத்து நண்பரோடு பேசுவதற்கு அது தாராளம்.

மாற்றங்களைச் செய்யும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எச்.டபிள்யூ-8கள் இனிப் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. முகப்பைத் துளையிட்டு ஒலிவாங்கிச் செருகியைப் பொருத்துவதும், அச்சுச் சுற்றுப்பலகையின் தடங்களை அறுப்பதும் ஒருமுறை செய்தால் மீளாத செயல்கள். பண்பேற்றியையும் ஒலிப்பெருக்கியையும் தனிப் பலகையில் கட்டி, இருக்கும் இணைப்புகளைப் பிரித்தே சேர்த்து, ஒலிவாங்கியைப் பின்புறமாகவோ சாவி நுழைவாயிலோடு இணைந்த சிறு வெளிப்பெட்டி வழியாகவோ கொண்டுவந்தால், அடுத்து வாங்குபவர் ஒரு மாலைப்பொழுதில் கருவியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். எந்தக் கம்பி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவைப்பதும் அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியே.

குரலில் பேசுவது ஒன்றே நோக்கமாக இருப்பவருக்கு இந்தப் பாடு தேவையில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003இல் வடிவமைத்த பிட்எக்ஸ், எளிதில் கிடைக்கும் உதிரிகளைக் கொண்டே கட்டக்கூடிய முழுமையான எஸ்.எஸ்.பி. டிரான்ஸீவர். உலகின் பல நாடுகளில் அதைப் பின்பற்றி ஹாம்கள் கட்டியிருக்கின்றனர். ஒரு பழைய சுற்றின் ஒவ்வொரு நிலையும் ஏன் அப்படி அமைந்தது என்பதைக் கைப்பட அறிய விரும்புபவருக்கே எச்.டபிள்யூ-8 ஏற்றது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும், ஒலிபரப்பு விசையை ஆன்டெனாவோடு அழுத்துமுன் தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் நிலையத் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருப்பது இந்தியாவில் சட்டப்படி கட்டாயம். உரிமம் கைக்கு வரும்வரை டம்மி லோடும் ஏற்பியும் கற்பதற்குப் போதுமானவை.